நடுநிலக்கடல் குடும்பக் காய்ச்சல்

நடுநிலக்கடல் குடும்பக் காய்ச்சல் (மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல்) என்பது பெற்றோரிடமிருந்து மரபுவழியாகக் கிடைக்கும் மரபணுப் பிறழ்வினால் (திடீர்மாற்றத்தினால்) ஏற்படும் ஓர் அழற்சி நோய் ஆகும். நோய்க்கிருமி எதுவும் உடலினுள் புகாத நிலையிலும் காய்ச்சலும் கடும் வயிற்றுவலியும் திடீரெனத் தோன்றி, ஒன்று முதல் மூன்று நாட்களில் தாமாகவே மறைந்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் வருவது இந்நோயின் முதன்மையான அடையாளம் ஆகும். துருக்கியர், ஆர்மீனியர், அராபியர், யூதர் ஆகிய மக்களிடையே இது அதிகமாகக் காணப்படுகின்றது.

எம்.ஈ.எஃப்.வி என்னும் மரபணுவில் ஏற்படும் பிறழ்வே இந்நோய்க்குக் காரணம் ஆகும். இம்மரபணு, பைரின் என்னும் புரதத்தை உருவாக்குவதற்கான குறிப்பைக் கொண்டுள்ளது. பைரின், உடலின் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த ஓர் எச்சரிக்கைப் புரதம் ஆகும். தன்னழற்சி நோய்கள் என்று இன்று வகைப்படுத்தப்படும் மரபு நோய்களுள், காரணமான மரபணு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்நோய்க்கே.

காய்ச்சல் தானாகவே தணிந்துவிடுவதால் இந்நோய் தீங்கற்றது எனத் தோன்றலாம். ஆனால் உரிய மருந்து இன்றி விடப்பட்டால், பல ஆண்டுகளில் சிறுநீரகங்கள் செயலிழந்து நோயாளி இறக்க நேரிடலாம். நாள்தோறும் உட்கொள்ளும் கோல்ச்சிசின் மாத்திரை இந்த விளைவைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றது. எனவே, நோயை இன்னதென்று உரிய காலத்தில் அறிந்துகொள்வது மிகவும் இன்றியமையாதது ஆகும்.

பெயர்க்காரணம்

நடுநிலக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வேர்கொண்ட குடும்பங்களில் தொடர்ந்து காணப்பட்டதால் இந்நோய் இப்பெயர் பெற்றது. இஸ்ரேல் நாட்டு மருத்துவர்களான ஹெல்லர், சோகர் ஆகியோரின் குழுவினர் 1958 ஆம் ஆண்டில் இப்பெயரைப் பயன்படுத்தினர். அதற்கு முன்னர் "தீங்கற்ற வயிற்றுறை அழற்சி", "காலமுறை நோய்" போன்ற பெயர்கள் வழங்கின.

நோய்க்குக் காரணமான புரதத்திற்கும் இரண்டு பெயர்கள் உண்டு. நெருப்பு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பைரின் என்ற பெயர் அமைந்தது. உரோமர் நடுநிலக் கடலை "நம் கடல்" என்று பொருள்பட "மாரே நோஸ்ட்ரம்" என இலத்தீனில் அழைத்தனர். அதிலிருந்து மாரெனோஸ்ட்ரின் என்ற பெயரைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் உருவாக்கினர். இன்று பைரின் என்ற பெயரே பெருவழக்காக உள்ளது.

தன்னழற்சியும் தன்னுடல் தாக்குநோயும்

மனித உடலின் நோயெதிர்ப்பு அமைப்பில் இரண்டு பிரிவுகள் உள்ளன. அவை:

1. உள்ளார்ந்த நோயெதிர்ப்பு: பிறப்பிலேயே அமைவது. கிருமிகளுக்குப் பொதுவான அடையாளங்களையும் உயிரணுக்களுக்கு நேரும் சேதங்களையும் உணர்ந்து, சில மணிநேரத்தில் அழற்சியை உண்டாக்குவது. நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளையணுக்களும் பெருவிழுங்கிகளும் இதன் முதன்மையான உயிரணுக்கள் ஆகும்.
2. பெறப்பட்ட நோயெதிர்ப்பு: குறிப்பிட்ட ஒரு கிருமியை அறிந்து, நினைவில் வைத்து, அதற்கென்றே எதிர்ப்பொருள்களையும் டி உயிரணுக்களையும் உருவாக்குவது.

இவற்றுள் இரண்டாவது பிரிவு தவறிழைத்து, சொந்த உடலின் உறுப்பொன்றையே பகையாகக் கருதித் தாக்கும்போது தன்னுடல் தாக்குநோய்கள் ஏற்படுகின்றன. முடக்குவாதம், முதல் வகை நீரிழிவு ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். தன்னழற்சி நோய்களில் நிகழ்வது வேறு. இவற்றில் உடலைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் பொதுவாகக் காணப்படுவதில்லை. உள்ளார்ந்த நோயெதிர்ப்பின் எச்சரிக்கை அமைப்பு, தக்க காரணமின்றி அல்லது மிகச் சிறிய காரணத்திற்காகத் தானே இயங்கத் தொடங்கிவிடுகின்றது. சமையற்கட்டில் எழும் சிறு புகைக்கும் தீயணைப்பு மணி ஒலித்து, கட்டடம் முழுவதும் நீர் பீய்ச்சப்படுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

தன்னழற்சி என்னும் கருத்து 1999 ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேனியல் காஸ்ட்னர், மைக்கேல் மெக்டெர்மாட் ஆகியோர் அடங்கிய குழு, மற்றொரு மரபுவழிக் காய்ச்சல் நோயின் மரபணுவைக் கண்டறிந்தபோது இக்கருத்தை வெளியிட்டது. இந்த வேறுபாடு வெறும் வகைப்பாடு அன்று. பல தன்னுடல் தாக்குநோய்களைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகள், நடுநிலக்கடல் குடும்பக் காய்ச்சலின் தாக்கங்களைத் தடுப்பதில்லை. எந்தப் பிரிவில் பழுது உள்ளது என்று அறிந்தால்தான் தக்க மருந்தைத் தேர்ந்தெடுக்க இயலும்.

அறிகுறிகள்

பெரும்பாலான நோயாளிகளுக்கு 20 வயதிற்கு முன்னரே முதல் தாக்கம் ஏற்படுகின்றது. ஒவ்வொரு தாக்கமும் பொதுவாக 12 முதல் 72 மணிநேரம் வரை நீடிக்கும். தாக்கங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நோயாளி முற்றிலும் நலமாகவே காணப்படுவார். பொதுவான அறிகுறிகள் வருமாறு:

* காய்ச்சல்: உடல் வெப்பநிலை 38 முதல் 40 பாகை செல்சியசு வரை உயரும்.
* வயிற்றுவலி: வயிற்றறையின் உள்ளுறை அழற்சியுறுவதால் ஏற்படுவது. மிகப் பெரும்பாலான நோயாளிகளுக்கு இது உண்டு. வயிறு பலகைபோல் இறுகிவிடும்.
* மார்புவலி: நுரையீரல் உறை அழற்சியுறுவதால், மூச்சை இழுக்கும்போது ஒரு பக்கமாகக் குத்தும் வலி.
* மூட்டுவலி: பெரும்பாலும் முழங்கால், கணுக்கால், இடுப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு மூட்டு வீங்குதல்.
* தோல் சிவத்தல்: முழங்காலுக்குக் கீழே, குறிப்பாகக் கணுக்காலையும் புறங்காலையும் சுற்றித் தோல் சிவந்து, சூடாகி, வலியுடன் தடித்தல்.

வயிற்றுவலி குடல்வால் அழற்சியை முழுவதும் ஒத்திருப்பதால், நோய் அறியப்படாத பலருக்குத் தேவையற்ற அறுவை மருத்துவம் செய்யப்பட்டுள்ளது. குடல்வால் அகற்றப்பட்ட பின்னரும் அதே வலி திரும்ப வருவது நோயை ஐயுறுவதற்கான ஒரு குறிப்பு ஆகும்.

மரபணுவும் பைரின் புரதமும்

எம்.ஈ.எஃப்.வி மரபணு 16 ஆம் நிறப்புரியின் குறுங்கையில் அமைந்துள்ளது. இம்மரபணு உருவாக்கும் பைரின் புரதம் 781 அமினோ அமிலங்களால் ஆனது. இப்புரதம் நியூட்ரோஃபில்கள் முதலிய வெள்ளையணுக்களில் மிகுதியாகக் காணப்படுகின்றது.

பைரின் நேரடியாகக் கிருமியைத் தேடுவதில்லை. உயிரணுவினுள் ரோ-ஏ என்னும் சிறு புரதம் ஒன்று உண்டு. வெள்ளையணுக்கள் இடம்பெயர்வதற்கும் கிருமிகளை விழுங்குவதற்கும் இது தேவை. ஆகவே, பல பாக்டீரியாக்கள் தம் நச்சுப் பொருள்களைக் கொண்டு முதலில் இதனையே முடக்குகின்றன. அவ்வாறு ரோ-ஏ முடக்கப்பட்டுள்ளதா என்பதைக் கண்காணிப்பதே பைரினின் பணி ஆகும். இது 2014 ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. இதன் இயக்கத்தைப் பின்வருமாறு சுருக்கலாம்:

1. இயல்பு நிலையில் ரோ-ஏ, பி.கே.என் எனப்படும் நொதிகளைத் தூண்டுகின்றது.
2. அந்நொதிகள் பைரினின் மீது பாஸ்பேட்டு அலகுகளைச் சேர்க்கின்றன. பாஸ்பேட்டு சேர்ந்த இடத்தில் 14-3-3 என்னும் காவற்புரதம் ஒட்டிக்கொண்டு, பைரினைப் பூட்டி வைக்கின்றது.
3. கிருமியின் நச்சு ரோ-ஏயை முடக்கினால் நொதிகள் ஓய்கின்றன. பாஸ்பேட்டு நீங்குகின்றது. பூட்டு திறக்கின்றது.
4. விடுபட்ட பைரின் பிற புரதங்களுடன் கூடி இன்ஃபிளமசோம் எனப்படும் அழற்சித் தொகுதியை அமைக்கின்றது.
5. இத்தொகுதி காஸ்பேஸ்-1 என்னும் நொதியைத் தூண்ட, அது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் பொருளைச் செயல்நிலைக்குக் கொண்டுவருகின்றது. இதுவே காய்ச்சலையும் அழற்சியையும் உண்டாக்குகின்றது.

நோயை உண்டாக்கும் பிறழ்வுகளில் பெரும்பாலானவை மரபணுவின் பத்தாம் குறிப்பகுதியில் (எக்சான் 10) அமைந்துள்ளன. அவற்றுள் எம்694வி, எம்680ஐ, வி726ஏ ஆகியவை முக்கியமானவை. எம்694வி என்பது, புரதத்தின் 694 ஆம் இடத்தில் மெத்தியோனின் இருக்க வேண்டியதற்குப் பதிலாக வேலின் என்னும் அமினோ அமிலம் அமைந்திருப்பதைக் குறிக்கும். பொதுவாக இப்பிறழ்வை இரட்டைப் படியாகப் பெற்றோரிடம் நோய் கடுமையாக உள்ளது. இத்தகைய பிறழ்வுகள் உள்ள பைரினில் காவற்புரதம் போதிய உறுதியுடன் ஒட்டுவதில்லை. 781 அமினோ அமிலங்களுள் ஒன்று மட்டும் மாறுவதால், கிருமி இல்லாதபோதும் பூட்டு எளிதில் திறந்துகொள்கின்றது.

மரபுரிமை

இந்நோய் ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுவது என்று நூல்களில் குறிக்கப்படுகின்றது. அதாவது, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்வுள்ள படி ஒவ்வொன்று கிடைத்தால்தான் நோய் தோன்றும். ஒரு படியை மட்டும் சுமக்கும் பெற்றோர் இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று ஆகும்.

எனினும் நடைமுறை இவ்வளவு எளிதாக இல்லை. ஒரே ஒரு பிறழ்வு மட்டும் உள்ள சிலருக்கும் நோய் தோன்றுகின்றது. பைரின் முற்றிலும் நீக்கப்பட்ட எலிகளுக்கு இத்தகைய நோய் வருவதில்லை என்பதும், மனிதப் பிறழ்வு புகுத்தப்பட்ட எலிகளுக்குக் கடும் அழற்சி வருகின்றது என்பதும் 2011 ஆம் ஆண்டில் காட்டப்பட்டன. எனவே இது புரதத்தின் பணி குன்றுவதால் வரும் நோய் அன்று. பணி மிகுவதால் வரும் நோய் ஆகும்.

பரவல்

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகின்றது. ஆர்மீனியாவில் இவ்விகிதம் மேலும் அதிகம். கிரேக்கம், இத்தாலி, ஜப்பான் ஆகிய நாடுகளிலும் நோயாளிகள் உள்ளனர். நடுநிலக் கடலின் கிழக்குப் பகுதி மக்களில் சிலரிடையே, ஐந்தில் ஒருவர் அளவிற்குப் பிறழ்வுள்ள ஒரு படியைச் சுமப்பதாகக் கண்டறியப்பட்டுள்ளது.

துன்பம் தரும் பிறழ்வு ஒன்று இவ்வளவு பரவலாக நிலைத்திருப்பது ஏன் என்ற கேள்வி நெடுநாள் இருந்து வந்தது. 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு விடையை முன்வைத்தது. கொள்ளைநோயை (பிளேக்) உண்டாக்கும் யெர்சினியா பெஸ்டிசு என்னும் பாக்டீரியா, யாப்-எம் என்ற புரதத்தின் மூலம் பைரினைப் பூட்டிய நிலையிலேயே வைத்திருக்கின்றது. பிறழ்வுள்ள பைரினை அதனால் அவ்வளவு எளிதாகப் பூட்ட இயலவில்லை. பிறழ்வுள்ள எலிகள் கொள்ளைநோய்த் தொற்றை மற்ற எலிகளைவிட நன்கு தாங்கின. துருக்கிய மக்களின் மரபணுத் தரவுகளிலும் இப்பிறழ்வுகள் இயற்கைத் தேர்வால் பெருகியதற்கான அடையாளங்கள் காணப்பட்டன. இதன்படி, இன்று நோயாக அறியப்படும் இப்பிறழ்வு முற்காலத்தில் கொள்ளைநோயிலிருந்து உயிர்காத்திருக்கலாம்.

அமைலாய்டு படிதல்

ஒவ்வொரு தாக்கத்தின்போதும் கல்லீரல், சீரம் அமைலாய்டு ஏ என்னும் புரதத்தைப் பெருமளவில் சுரக்கின்றது. ஆண்டுக்கணக்கில் இது நீடிக்கும்போது, அப்புரதத்தின் துண்டுகள் கரையாத இழைகளாக மாறி உறுப்புகளில் படிகின்றன. இதற்கு அமைலாய்டு நோய் என்று பெயர். சிறுநீரகங்களே இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றன. தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் வெளியேறும். பின்னர் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் நிலை ஏற்படும்.

தாக்கங்களின் வலியும் அமைலாய்டு படிவதும் எப்போதும் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்வதில்லை. வெளிப்படையான தாக்கம் இல்லாதபோதும் சிலருக்கு அழற்சி தொடர்கின்றது. வலியே உணராத ஒரு சிலருக்குச் சிறுநீரக நோயே முதல் அறிகுறியாகத் தோன்றுவதும் உண்டு.

14 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2500 நோயாளிகளை ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, சிறுநீரக அமைலாய்டு நோய்க்கான முதன்மையான இடர்க்காரணி நோயாளி வாழும் நாடே என்று முடிவுசெய்தது. மரபணுப் பிறழ்வின் வகை அதற்கு அடுத்த நிலையிலேயே இருந்தது.

வரலாறு

1908 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஜேன்வே, மோசந்தால் ஆகிய மருத்துவர்கள், மீண்டும் மீண்டும் காய்ச்சலும் வயிற்றுவலியும் கண்ட ஒரு யூதச் சிறுமியைப் பற்றிப் பதிவுசெய்தனர். இதுவே இந்நோய் பற்றிய முதல் மருத்துவப் பதிவாகக் கருதப்படுகின்றது. 1945 ஆம் ஆண்டில் அதே நகரின் செப்பர்டு சீகல், பத்து நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து இதனைத் தனியொரு நோயாக வரையறுத்தார். அவர் "தீங்கற்ற" என்னும் அடைமொழியை அதற்கு இட்டார். 1950களின் தொடக்கத்தில் பிரான்சில் மாமூ, கத்தான் ஆகியோர் வட ஆப்பிரிக்க யூதர்களிடையே இந்நோய் குடும்பவழி வருவதையும் சிறுநீரகத்தைப் பாதிப்பதையும் காட்டினர். அந்த அடைமொழி பொருந்தாது என்பது அதன்பின் தெளிவாயிற்று.

1972 ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் ஸ்டீபன் கோல்ட்ஃபிங்கர், கோல்ச்சிசின் மருந்து தாக்கங்களைத் தடுப்பதாக மருத்துவ இதழொன்றில் சிறு மடலாக எழுதினார். அதே ஆண்டில் துருக்கியில் ஓஸ்கானும் இதனைத் தனியாகக் கண்டறிந்தார். 1974 ஆம் ஆண்டில் போலி மாத்திரையுடன் ஒப்பிட்டு நடத்தப்பட்ட சோதனைகள் இதனை உறுதிசெய்தன.

மரபணுவைத் தேடும் பணியில், 1992 ஆம் ஆண்டில் அது 16 ஆம் நிறப்புரியில் இருப்பது தெரியவந்தது. 1997 ஆம் ஆண்டில் ஒரு பன்னாட்டுக் குழுவும் ஒரு பிரெஞ்சுக் குழுவும் தனித்தனியே அம்மரபணுவைக் கண்டறிந்து வெளியிட்டன.

நோயறிதல்

நோய் முதன்மையாக அறிகுறிகளையும் குடும்ப வரலாற்றையும் கொண்டே அறியப்படுகின்றது. தாக்கத்தின்போது இரத்தத்தில் சி-எதிர்வினைப் புரதம், வெள்ளையணு எண்ணிக்கை ஆகியவை உயர்ந்தும், பின்னர் குறைந்தும் காணப்படும். கோல்ச்சிசின் கொடுத்ததும் தாக்கங்கள் நிற்பதும் ஒரு சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

மரபணுச் சோதனை துணைச் சான்றாக மட்டுமே பயன்படுகின்றது. எடுத்துக்காட்டாக, ஈ148கியூ என்னும் மாற்றம் இந்தியா, சீனா, ஜப்பான் முதலிய நாடுகளில் நலமாக உள்ள மக்களிடமும் பரவலாகக் காணப்படுகின்றது. ஆகவே சோதனை அறிக்கையில் இம்மாற்றம் மட்டும் இருப்பதைக் கொண்டு ஒருவருக்கு நோய் உள்ளது என்று முடிவுசெய்ய இயலாது.

மருத்துவம்

கோல்ச்சிசின் இந்நோய்க்கான முதன்மை மருந்து ஆகும். இது வலி வந்தபின் உட்கொள்ளும் மருந்து அன்று. வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய தடுப்பு மருந்து ஆகும். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நோயாளிகளுக்குத் தாக்கங்கள் முற்றிலும் நிற்கின்றன. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அவை குறைகின்றன. 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு மட்டும் போதிய பயன் கிட்டுவதில்லை.

1986 ஆம் ஆண்டில் இஸ்ரேலில் வெளியிடப்பட்ட ஆய்வு, இம்மருந்தின் பயனைத் தெளிவாகக் காட்டியது. ஆய்வின் தொடக்கத்தில் சிறுநீரகப் பாதிப்பு இல்லாதவர்களுள், மருந்தை ஒழுங்காக உட்கொண்ட 906 பேரில் 4 பேருக்கு மட்டுமே சிறுநீரில் புரதம் தோன்றியது. ஒழுங்காக உட்கொள்ளாத 54 பேரில் 16 பேருக்கு அது தோன்றியது. இரு குழுவினருக்கும் நோய் ஒன்றே. வேறுபட்டது மருந்தை உட்கொண்ட ஒழுங்கு மட்டுமே.

கோல்ச்சிசின் உயிரணுவின் நுண்குழல்களைக் குலைத்து, வெள்ளையணுக்களின் நகர்வைக் குறைக்கின்றது. அத்துடன் ரோ-ஏ புரதத்தைத் தூண்டிப் பைரினின் பூட்டை வலுப்படுத்துவதாகவும் 2016 ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகின்றது. பைரின் என்ற புரதம் இருப்பதே தெரியாத காலத்தில் கண்டறியப்பட்ட மருந்து, அதனையே அடக்குவதாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இம்மருந்து ஐரோப்பாவில் வளரும் கோல்ச்சிக்கம் என்னும் செடியிலிருந்து முதலில் பெறப்பட்டது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் (கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு) கிழங்கிலும் விதையிலும் இதே வேதிப்பொருள் உள்ளது. தமிழ்நாட்டில் இவ்விதைகளுக்காகவே இது பயிரிடப்படுகின்றது. ஆயினும் செடி முழுவதும் கொடிய நஞ்சு ஆகும். இதன் கிழங்கை உண்டு இறந்தோர் பற்றிய மருத்துவப் பதிவுகள் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளன. மருந்தாகும் அளவிற்கும் நஞ்சாகும் அளவிற்கும் இடைவெளி சிறிது என்பதால், மருத்துவர் குறித்த அளவிலேயே மாத்திரையை உட்கொள்ள வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளுடன் சேரும்போது கோல்ச்சிசின் உடலில் தேங்கி நஞ்சாகலாம். கருவுற்ற பெண்கள் இம்மருந்தை நிறுத்த வேண்டியதில்லை என இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் கூறுகின்றன.

கோல்ச்சிசின் பயன்தராதவர்களுக்கு இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் ஊசிமருந்துகள் கொடுக்கப்படுகின்றன. இவற்றுள் கனாகினுமாப் 2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. அனாகின்ரா மற்றொரு மருந்து ஆகும்.

தொடர்புடைய பிற நோய்கள்

உள்ளார்ந்த நோயெதிர்ப்பின் வெவ்வேறு மரபணுக்களில் ஏற்படும் பிறழ்வுகள் வெவ்வேறு தன்னழற்சி நோய்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் சில:

* டிராப்ஸ்: டி.என்.எஃப் ஏற்பியின் மரபணுவில் பிறழ்வு (1999). காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிக்கும்.
* மெவலோனேட்டு கைனேசு குறைபாடு: எம்.வி.கே மரபணுவில் பிறழ்வு (1999). இதில் ரோ-ஏ உரிய முறையில் அமையாததால், நலமான பைரினும் தூண்டப்படுகின்றது.
* கிரையோபைரின் நோய்கள்: என்.எல்.ஆர்.பி3 மரபணுவில் பிறழ்வு (2001). சிலருக்குக் குளிர்காற்று பட்டாலே காய்ச்சலும் தோல் தடிப்பும் வரும்.
* டிரா: இன்டர்லூக்கின்-1ஐ இயற்கையாகத் தடுக்கும் புரதத்தின் இன்மை (2009). பிறந்த சில வாரங்களிலேயே தோன்றும். அனாகின்ரா மருந்து அப்புரதத்தின் இடத்தை நிரப்புகின்றது.
* வெக்சாஸ்: யு.பி.ஏ1 மரபணுவில் பிறழ்வு (2020). இது பெற்றோரிடமிருந்து வருவதன்று. பெரும்பாலும் முதிய ஆண்களின் எலும்பு மச்சையில் பிற்காலத்தில் தோன்றுவது.

இவற்றையும் பார்க்க

* அழற்சி
* நோயெதிர்ப்பு அமைப்பு
* தன்னுடல் தாக்குநோய்
* மரபணு
* செங்காந்தள்